மூட்டையைப் பிரித்தால்தான் விலை தெரியும்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் அத்தை வீட்டுப் பரணில் ஒரு ஈயச் சொம்பு கிடந்தது. பாட்டி ரசம் வைத்த சொம்பு. ஒரு நாள் உள்ளே தண்ணீர் இல்லாமல் அடுப்பில் ஏற்றிவிட்டார்கள். அடி உருகி ஓட்டை விழுந்தது. அதோடு பரணுக்குப் போனதுதான். சில வருடங்களுக்கு முன் போகிக்காக வீட்டை ஒழித்தபோது, நசுங்கிய அலுமினியக் குண்டான், பிடி போன தூக்குச்சட்டி எல்லாவற்றோடும் அந்தச் சொம்பையும் ஒரே சாக்கில் போட்டு நான்தான் காயலான் கடைக்குக் கொண்டுபோனேன். சாக்கை அப்படியே தராசில் வைத்தார்கள். அலுமினிய விலை போட்டார்கள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஈயச் சொம்பு என்று நாம் சொல்வது வெள்ளீயத்தில் செய்தது, காரீயம் வேறு. உலகச் சந்தையில் வெள்ளீயத்துக்குச் செம்பை விடவே விலை அதிகம், அலுமினியம் அதன் கிட்டேயே வராது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், அலுமினியம் 660 டிகிரி வரை தாங்கும். வெறும் அடுப்பில் அடி ஓடிப்போனதே அது என்ன உலோகம் என்பதற்குச் சாட்சி. கையில் எடுத்துப் பார்த்திருந்தால் கனமும் காட்டிக் கொடுத்திருக்கும்: அதே அளவு அலுமினியத்தை விட வெள்ளீயம் இரண்டரை மடங்குக்கு மேல் கனம். லேசாக வளைத்தால் கிரீச்சென்று ஒரு சத்தம் வரும், அது வெள்ளீயத்துக்குப் பெயர்போன சத்தம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. போன காசு போகட்டும்; பாட்டியின் பாத்திரத்தை இன்னதென்றே தெரியாமல் தூக்கிக் கொடுத்தது இன்றைக்கும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகுதான் இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று கவனிக்கத் தொடங்கினேன். எங்கள் தெருவுக்குப் பழைய சாமான் வாங்க வியாசர்பாடியிலிருந்து மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் வரும் அண்ணனிடம் கேட்டால் பொறுமையாகச் சொல்வார். "யக்கா, கலந்து போட்டீன்னா அதுல மட்டமான சரக்குக்கு இன்னா ரேட்டோ அதான் மொத்தத்துக்கும். கடையில எனக்கும் அதே கதைதான். அதான் ராத்திரி குந்திக்கினு பிரிக்கிறேன்" என்றார் ஒரு தடவை. இதைவிடத் தெளிவாக அந்தத் தொழிலை யாரும் விளக்கிவிட முடியாது.

வீட்டு வாசலிலிருந்து வண்டிக்காரர், அவரிடமிருந்து காயலான் கடை, அங்கிருந்து மொத்த வியாபாரி, கடைசியில் உருக்காலை அல்லது பேப்பர் மில். இரும்பு என்றால் கும்மிடிப்பூண்டிப் பக்கத்து உருக்காலைகளுக்குக் கூடப் போகும். ஒவ்வொரு படியிலும் சரக்குக்கு விலை கூடுகிறது. ஏற்றி இறக்கும் கூலியும் இட வாடகையும் அதில் உண்டு. ஆனால் விலை ஏறுவதற்குப் பெரிய காரணம், ஒவ்வொருவரும் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் பிரிப்பதுதான். ஆலைக்காரர் வாங்குவது 'பழைய சாமான்' இல்லை. இன்ன தரத்துச் செம்பு, இன்ன தரத்து அட்டை என்று தனித்தனிச் சரக்கு. நாம் அரிசியை முறத்தில் புடைத்துக் கல் பொறுக்குகிறோம், கீரையை ஆய்கிறோம், மீனை இனம் பார்த்து வாங்குகிறோம். பரண் சாமானை மட்டும் சாக்கில் கட்டி அப்படியே எடைக்குப் போட்டுவிடுகிறோம். ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்து பிரித்தால், அந்தக் கூலி நம் வீட்டிலேயே தங்கும்.

காயலான் கடை என்ற பெயரே காயல்பட்டினத்து வணிகர்களால் வந்தது என்பது சென்னையில் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். 'பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று கூவி வந்தவர்களை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கண்ணுக்குத் தெரியும் பழத்துக்காகச் செம்புக் கம்பியைக் கொடுத்த பிள்ளைகள் எத்தனை பேர்! பேரீச்சம்பழம் போய் இப்போது ஜிபே வந்திருக்கிறது. கலந்து கொடுப்பது மட்டும் மாறவில்லை.

உலோகம்: ஒரு காந்தமும் இரண்டு கண்ணும்

காயலான் கடையில் பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த ஒரு காந்தம் கைக்கெட்டும் இடத்தில் கிடக்கும். வீட்டிலும் ஒன்று போதும். பலமாக ஒட்டினால் இரும்பு. எவர்சில்வர் பாத்திரத்தில் ஒட்டினால் நிக்கல் கலக்காத ரகம், விலை குறைவு. ஒட்டாவிட்டால் நிக்கல் கலந்த ரகமாக இருக்க வாய்ப்பு உண்டு, அதைத் தனியாக வைத்துக் கேட்க வேண்டும். செம்பு, பித்தளை, வெண்கலம், அலுமினியம், வெள்ளீயம் எதிலும் காந்தம் ஒட்டாது. பித்தளை மாதிரி மின்னும் அலங்காரக் குத்துவிளக்கில் காந்தம் ஒட்டிக்கொண்டால், உள்ளே இரும்பு, மேலே வெறும் பூச்சு.

பித்தளையையும் வெண்கலத்தையும் ஒன்றாகப் போடுவது எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு நடக்கும் நஷ்டம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும். மேலே சொன்ன அதே வெள்ளீயம் கலந்திருப்பதால் வெண்கலத்துக்குத் தனி விலை உண்டு. தட்டிப் பார்த்தால் தெரியும்: வெண்கலப் பானை கோயில் மணி போல நீளமாக ஒலிக்கும், பித்தளை சட்டென்று அடங்கிவிடும். நல்ல நிலையில் இருக்கும் வெண்கலப் பானையையும் உருளியையும் எடைக்கே போடக் கூடாது என்பது என் கருத்து. இன்றைக்கு அவற்றைச் சமைப்பதற்காகத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கொடுப்பது பாத்திரத்தின் விலை.

ஒயர்களில்தான் ஜாக்கிரதை வேண்டும். உள்ளே செம்பு இருக்கிறது என்பதற்காக மேல் உறையை எரித்து எடுக்கிறார்கள். வடசென்னையில் சாயங்கால வேளையில் அந்தக் கருகல் வாசனை தெரியாத தெரு குறைவு. அந்த உறை பெரும்பாலும் பிவிசி. அதை எரித்தால் டையாக்சின் போன்ற நச்சுகள் வரும், அவை காற்றோடு போய்விடாமல் மண்ணிலும் உடம்பிலும் தங்கும். மணலி, எண்ணூர்ப் புகையே நமக்குப் போதும், இதை நாமே சேர்க்க வேண்டியதில்லை. கத்தியால் உறையைக் கீறி உரித்தால் கம்பி பளபளவென்று சுத்தமாக வரும், கருகிய செம்பை விடச் சுத்தச் செம்புக்குக் கூடுதல் விலையும் கிடைக்கும். ஒரு கிலோ செம்புக்குக் கிடைக்கும் காசைப் பேப்பரில் பார்க்க வேண்டுமானால் கட்டுக் கட்டாகப் பேப்பர் போட வேண்டும் என்பதை நினைத்துக்கொண்டால் உரிப்பதற்குப் பொறுமை வரும்.

அலுமினியத்துக்கு ஏன் எப்போதும் ஆள் இருக்கிறது என்று ஒரு வார்த்தை. தாதுவிலிருந்து புதிதாக அலுமினியம் எடுக்க ஆகும் எரிசக்தியில் ஏறக்குறைய 5% இருந்தாலே பழைய அலுமினியத்தை உருக்கிவிடலாம். அதனால்தான் ஒரு சிறு மூடியைக் கூடப் பொறுக்குகிறவர்கள் விடுவதில்லை.

அப்புறம் தராசு. எலக்ட்ரானிக் தராசுக்கு வருடத்துக்கு ஒருமுறை அரசு முத்திரை வைக்க வேண்டும் என்பது சட்டம். முத்திரையைத் தேடிக்கொண்டிருக்காமல், பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைக் கையில் கொண்டுபோய் முதலில் தராசில் வையுங்கள். சண்டை போடாமலே கணக்கு நேராகிவிடும். வண்டிக்காரர்கள் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை, நேர்மையானவர்கள் சந்தோஷப்படுகிறார்கள்.

காகிதக் கட்டில் இருக்கும் காசு

பேப்பரில் செய்தித்தாள், வெள்ளை நோட்டுக் காகிதம், அட்டைப்பெட்டி, வழவழப்பான இதழ்கள் என்று நான்கையும் தனித்தனிக் கட்டாகக் கட்டினால் போதும். காகிதத்தை ஒவ்வொரு முறை கூழாக்கும்போதும் அதன் நார் குட்டையாகிறது. ஐந்து முதல் ஏழு முறைக்கு மேல் தாங்காது. அதனால் நீள நார் உள்ள வெள்ளைக் காகிதத்துக்கும், ஏற்கெனவே பலமுறை அரைபட்ட காகிதத்துக்கும் விலை ஒன்றாக இருக்காது.

ஆனால் காகிதத்தை வருடக்கணக்கில் சேர்த்து வைப்பது நம் பகுதிக்கு ஒத்து வராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது புளியந்தோப்பு, வியாசர்பாடி, எண்ணூர்ப் பக்கம் என்ன நடந்தது என்பதைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால் வைத்திருந்த காகிதக் கட்டெல்லாம் ஊறிக் கூழாகிக் குப்பை லாரியில் ஏறிப்போயின. ஈரப் பேப்பரை எவரும் வாங்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பிள்ளையின் போட்டித் தேர்வுப் புத்தகங்கள் மட்டுமே ஒரு அலமாரி நிறைய இருந்தன. அடுத்த மாதம் விற்கலாம் என்று வைத்திருந்தார்கள்.

புத்தகத்தை எடைக்குப் போடுவதில் எனக்குச் சம்மதமே இல்லை. சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோன பிறகும் பழைய புத்தக வியாபாரம் அந்தச் சுற்றுவட்டாரத்தை விட்டுப் போகவில்லை. அல்லிக்குளம் வளாகத்தில் கடைகள் தொடர்ந்தன. நீட், டிஎன்பிஎஸ்சி, பொறியியல் பாடப் புத்தகங்களுக்குப் பருவம் உண்டு. கல்லூரி திறக்கும் நேரத்திலும் தேர்வு அறிவிப்பு வந்த வாரத்திலும் அதே புத்தகத்தைத் தனியாக விற்றால் எடைக்குக் கிடைப்பதைப் போலப் பல மடங்கு கிடைக்கும். பாடத்திட்டம் மாறிவிட்டால் அது வெறும் காகிதம். ஆகவே புத்தகத்தை வைத்திருக்க வேண்டியது அடுத்த பருவம் வரைதான்.

காகிதத்தைக் கட்டும் முன் ஒவ்வொரு கோப்பையும் உதறிப் பாருங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பழைய பாஸ்புக், வைப்புத்தொகை ரசீது, தாத்தா பெயரில் இருக்கும் பங்குப் பத்திரம் எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். பின்னி மில், துறைமுகம், ரயில்வே என்று சம்பளம் வாங்கியவர்கள் இருந்த வீடுகள் இவை. எங்கோ ஒரு கணக்கில் கொஞ்சம் பணத்தை விட்டுவிட்டே பல பேர் போய்ச் சேர்ந்தார்கள். பத்து வருடம் யாரும் தொடாத வங்கிப் பணம் ரிசர்வ் வங்கி நிர்வகிக்கும் ஒரு நிதிக்கு மாற்றப்படும். மாற்றப்பட்டாலும் உரிமை போய்விடாது. வாரிசுகள் அந்த வங்கியிலேயே விண்ணப்பித்து வாங்கலாம். எந்த வங்கியில் என்று தெரியாதவர்களுக்காக 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி 'உத்கம்' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. பெயரையும் ஒரு அடையாள விவரத்தையும் கொடுத்துத் தேடலாம், கட்டணம் இல்லை. பங்குகளில் ஏழு வருடம் யாரும் கேட்காத ஈவுத்தொகை முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்குப் போகும். அதையும் திரும்பக் கேட்டு வாங்க வழி உண்டு. எடைக்குப் போட்டால் பத்து காசு பெறாத காகிதம், சில வீடுகளில் பரணிலேயே மதிப்பான பொருளாக இருக்கிறது.

இதோடு இன்னொன்று. பயன்படுத்தாத கேஸ் சிலிண்டரை யாரோ கேட்டார்கள் என்று விற்றுவிடாதீர்கள். அது எண்ணெய் நிறுவனத்தின் சொத்து, நம்முடையது அதற்குக் கட்டிய டெபாசிட்தான். ஆவணத்தோடு ஏஜென்சியில் ஒப்படைத்தால் டெபாசிட் திரும்பக் கிடைக்கும்.

பிளாஸ்டிக்கில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, காசும் குறைவு. கழுவிக் காயவைத்த பால் கவரைத் தனியாக வாங்குகிறார்கள். மற்றதைப் பிரிக்கக் கடைக்காரர்கள் பழைய முறை ஒன்று வைத்திருக்கிறார்கள்: ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போடுவது. வாளி, குடம், டப்பா மூடி செய்யும் ரகங்கள் மிதக்கும். தண்ணீர் பாட்டிலும் பிவிசி குழாயும் முழுகும்.

பட்டுப்புடவை விஷயத்தில் அவசரமே கூடாது. 'பழைய பட்டுப்புடவை வாங்குறது' என்று தெருவில் வருகிறவர்கள் வாங்குவது ஜரிகையை. அசல் ஜரிகையில் பட்டு நூலின் மேல் வெள்ளி இழை சுற்றியிருக்கும், தங்கம் மேல்பூச்சாக மட்டும். ஜரிகையை லேசாகச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்ப்பது வழக்கம். அது முதல் அறிகுறி, முடிவான சோதனை என்று சொல்ல முடியாது. பாட்டி காலத்துக் கெட்டி ஜரிகைப் புடவை என்றால் இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்காமல் கொடுக்கக் கூடாது. வாசலில் முதல் ஆள் சொல்லும் விலை ஆரம்ப விலைதான்.

இயந்திரமும் செல்போனும்

ஓடுகிற இயந்திரத்துக்கு ஒரு விலை, ஓடாததற்கு வேறு விலை, உடைத்துக் குவித்ததற்கு இன்னொரு விலை. ஃபிரிட்ஜ் நின்றுபோனால் நேராகக் காயலான் கடைக்கு அனுப்பாமல் முதலில் பக்கத்து மெக்கானிக்கைக் கேட்க வேண்டும். கம்ப்ரஸரும் கதவும் தெர்மோஸ்டாட்டும் அவருக்கு உதிரிபாகமாக உதவும். வீட்டில் நாமே அறுத்துப் பிரிக்கும் வேலை வேண்டாம். உள்ளே அழுத்தத்தில் வாயு இருக்கிறது. இன்வெர்ட்டர் பேட்டரியைப் புதியது வாங்கும்போது மாற்றிக்கொண்டால் உள்ளே இருக்கும் காரீயத்துக்கு உரிய தள்ளுபடி அங்கேயே கிடைக்கும். உப்பிப்போன செல்போன் பேட்டரியைச் சாக்கில் போட்டு மிதித்துக் கட்டுவது தீ வைப்பதற்குச் சமம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பழைய சாதனங்களின் மறுசுழற்சிக்குத் தயாரிப்பாளர்களே பொறுப்பு. அதனால் சேகரிப்பு மையங்களும் பரிமாற்றச் சலுகைகளும் முன்பை விட அதிகம்.

செல்போனை விற்கும் முன் படங்களை அழித்தால் மட்டும் போதாது. கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, ஃபேக்டரி ரீசெட் செய்து, சிம்மையும் மெமரி கார்டையும் எடுக்க வேண்டும். *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணைக் குறித்துக்கொண்டு, வாங்குகிறவரின் அடையாள அட்டை நகலையும் வாங்கி வையுங்கள். நாளைக்கு அந்தப் போன் எங்காவது வழக்கில் சிக்கினால் அதுதான் நம்மைக் காப்பாற்றும்.

செயலியில் விற்கும்போது 'பணம் அனுப்புகிறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள்' என்று சொன்னால் அந்த நொடியே பேச்சை நிறுத்துங்கள். யுபிஐயில் பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் நம்மிடமிருந்து போகும். அதே போல, பழைய ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருவதாக வரும் விளம்பரங்கள். பழைய நோட்டு, நாணயம் விற்றுத் தருவதாக ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணமும் கமிஷனும் கேட்கிறார்கள், நம்பாதீர்கள் என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்தது. விற்கிறவரிடமே முன்பணம் கேட்கும் எந்த வியாபாரமும் வியாபாரம் கிடையாது.

வரி பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: வீட்டில் பயன்படுத்திய கட்டில், ஃபிரிட்ஜ், பாத்திரம் போன்றவற்றை விற்ற காசுக்கு மூலதன ஆதாய வரி வராது. நகை, ஓவியம், சிற்பம் மாதிரியானவை இந்த விலக்கில் சேராது.

விற்கக் கூடாத சாமான்

இவ்வளவு நேரம் விற்பதைப் பற்றிச் சொன்னேன். ஆனால் பரணைப் பிரிக்கும்போது மூன்றாவதாக ஒரு குவியல் வர வேண்டும்: விற்கவும் வேண்டாம், தூக்கிப் போடவும் வேண்டாம், ஓட வைக்க வேண்டும். கிரைண்டர், தையல் மெஷின், பெரிய இட்லிக் குண்டான், சைக்கிள். இவற்றை விற்றால் ஒரு தடவை காசு. ஓட வைத்தால் மாதா மாதம்.

வடசென்னையில் இது யாரும் சொல்லிக் கொடுத்து வந்த பழக்கம் இல்லை. காலையில் ராயபுரம், தண்டையார்பேட்டைத் தெருக்களில் வாசலிலேயே அடுப்பு வைத்து இட்லி விற்கும் அம்மாக்களிடம் எத்தனை தலைமுறை சாப்பிட்டிருக்கிறது! பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் வீட்டுச் சமையலாகக் கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸ்தான் பீச் ஸ்டேஷன் எதிரே கடைகளாக நிற்கிறது. வீட்டில் தெரிந்த ஒன்று, தெருவில் வேண்டிய ஒன்று, இரண்டும் சேரும் இடத்தில்தான் தொழில் பிறந்திருக்கிறது. புது யோசனை வேண்டும் என்று யூடியூபைத் துழாவுவதை விட, நம் தெருவில் மக்கள் எதற்காக ஒரு கிலோமீட்டர் நடக்கிறார்கள் என்று ஒரு வாரம் பார்ப்பது மேல்.

மாவு அரைத்து விற்பதை எடுத்துக்கொள்வோம். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. ஒரு கிலோ அரிசி போட்டால் இரண்டரை கிலோ மாவுக்குக் குறையாது. மேசை கிரைண்டரின் மோட்டார் பெரும்பாலும் 150 வாட். அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகாது. அதனால் கரண்டுக்குப் பயந்து பின்வாங்க வேண்டியதில்லை. கணக்கு தப்புவது வேறு இடத்தில். சித்திரை வெயிலில் ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கிவிடும் மாவு, மார்கழியில் ராத்திரி முழுக்க வைத்தாலும் எழும்பாது. விற்காமல் நின்ற மாவு மறுநாள் புளித்துவிடும். புளித்த மாவை ஒரு தடவை வாங்கியவர் திரும்ப வர மாட்டார். ஊறவைப்பது, கழுவுவது, அரைப்பது, கல்லைத் தேய்ப்பது என்று தினம் மூன்று மணி நேரம் போகிறது. அந்த நேரத்தைக் கணக்கில் எழுதாமல் 'லாபம்' என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். வீட்டுப் பெண்களின் உழைப்பைச் சும்மா வருவது என்று நினைப்பதால்தான் பாதித் தொழில்கள் லாபமாகத் தெரிகின்றன, ஒரு வருடத்தில் முதுகு வலியோடு நின்றும் போகின்றன. அரிசி, உளுந்து, கவர், கரண்டு, கூலி என்று ஐந்தையும் பிரித்து எழுதினால் எத்தனை கிலோவுக்கு மேல் விற்றால்தான் கட்டும் என்பது தெரிந்துவிடும். கட்டாது என்று தெரிந்தால் கிரைண்டரையாவது நல்ல விலைக்கு விற்கலாம்.

சாப்பாட்டுப் பொருளைப் பாக்கெட் போட்டு விற்பதற்கு எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு வேண்டும். வீட்டுத் தொழிலுக்கு அடிப்படைப் பதிவு, சிறு கட்டணம்தான். அதில் வரும் 14 இலக்க எண்ணைக் கவர் மேல் போட வேண்டும். குறுந்தொழிலுக்கான உதயம் பதிவு முழுக்க இலவசம், காசு கேட்டால் அது இடைத்தரகர். பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும் வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது. முதலுக்குக் கந்துவட்டி பக்கம் போகாதீர்கள். பக்கத்தில் ஒரு மகளிர் சுய உதவிக் குழு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

துணியும் இதே வகையில்தான் வரும். 2019 ஜனவரி 1-ல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. பழைய பருத்திப் புடவையில் ஒரு பை தைத்து இருபது ரூபாய்க்கு விற்பது பலருக்கு உடனே தோன்றும் யோசனை. என் அனுபவத்தில் அது லேசில் கட்டாது; ஆலையில் மொத்தமாகத் தைத்து வரும் பையோடு விலையில் மோத முடியாது. அதே தையல் மெஷினில் கூலி கிடைக்கும் வேலை வேறு இருக்கிறது, அதுவும் காலடியிலேயே.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் புடவை வாங்கும் கூட்டத்தைப் பாருங்கள். ஒவ்வொரு புடவைக்கும் ஃபால்ஸ் அடிக்க வேண்டும், ஓரம் முடிய வேண்டும், பட்டு என்றால் குச்சம் கட்ட வேண்டும். எங்கள் தெருக் கோடியில் ஒரு அக்கா, அம்மா வீட்டிலிருந்து வந்த கால் மெஷினைப் போன போகிக்கு அந்த மீன்பாடி வண்டியிலேயே ஏற்றிவிட இருந்தார். இரும்பு எடைக்கு விலையும் பேசியாகிவிட்டது. வண்டிக்கார அண்ணன்தான் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஓடுற மிசின இன்னாத்துக்கு எடைக்குப் போடுற, பெல்ட்டு மட்டும் மாத்து" என்று சொல்லி இறக்கி வைத்தார். தோல் பெல்ட்டும் பாபினும் ஒரு பாட்டில் மெஷின் எண்ணெயும் வாங்கியதுதான் முதல்.

முதல் மாதம் எங்கள் வீட்டுப் புடவை இரண்டு, பக்கத்து வீட்டுப் புடவை ஒன்று. ஃபால்ஸ் துணியைத் தைக்கும் முன் ஊறவைத்துக் காயப்போடுகிறார். இல்லாவிட்டால் முதல் சலவையில் சுருங்கிப் புடவை ஓரத்தை இழுத்துவிடும். நூல் நிறத்தைக் கடை வெளிச்சத்தில் பார்க்காமல் வாசல் வெயிலில் வைத்துப் பொருத்துகிறார். அதைப் பார்த்துத்தான் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இப்போது கடைகளில் ஆடித் தள்ளுபடி போட்டிருக்கிறார்கள், முப்பது புடவைக்கு மேல் வந்து நிற்கிறது. வைக்க இடம் இல்லாமல், கட்டிலுக்கு அடியில் பத்து வருடமாகக் கட்டிக் கிடந்த சாக்கை நேற்று அவரே இழுத்துத் தரையில் கொட்டினார். ஒரு பக்கம் பித்தளை, ஒரு பக்கம் அலுமினியம், காந்தத்துக்காக எங்கள் வீட்டுக்குப் பையனை அனுப்பியிருந்தார்.